ஒரே ஒரு ஏலியன் வாங்குவதென்றால் எது?

சித்தி பையன் போன வாரம் போன் செய்தான். "அண்ணா, 'ஏலியன்' சினிமா வரிசையோட முதல் படத்துல வர்ற ஏலியன் பொம்மை, ஒன்னே ஒன்னு வாங்கப் போறேன். எது வாங்கட்டும்?" ஒன்றே ஒன்று என்று அவன் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பத்து வாங்குகிறவனுக்கு யோசனை சொல்வது சுலபம், ஒன்று சரியில்லை என்றாலும் மற்றது ஈடுகட்டிவிடும். ஒன்றே ஒன்று வாங்குகிறவன் அதைத் தினமும் பார்க்கப் போகிறான், கையில் எடுத்துத் திருப்பப் போகிறான், அது சரியாக அமையாவிட்டால் போட்ட காசுக்கு மனசு ரொம்ப நாள் அடித்துக்கொள்ளும். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் எந்த ஏலியன் என்பதில் தெளிவாக இருக்க வேண்டும். 1979இல் ரிட்லி ஸ்காட் எடுத்த முதல் படத்து ஜந்துவை சேகரிப்பவர்கள் "பிக் சாப்" என்பார்கள். 1986இல் வந்த இரண்டாம் படத்து ஏலியன்களுக்கு "வாரியர்" என்று பெயர். விற்கிறவர்கள் இரண்டையும் ஒரே பெயரில் போட்டுவிடுவார்கள், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பிக் சாப்பின் தலை வழவழவென்று நீளமாக, மேலே கண்ணாடி போன்ற மூடியோடு இருக்கும். வாரியருக்கு அந்த மூடி கிடையாது, தலை முழுக்க வரிவரியாக மேடு பள்ளம். சித்தி பையன் கேட்டது பிக் சாப். அதனால் வாரியரை இங்கே விட்டுவிடுகிறேன்.

எனக்கு இந்தப் பொம்மையில் எல்லாமே தலைதான். இந்த ஜந்து சுவிட்சர்லாந்து ஓவியர் ஹெச். ஆர். கீகர் 1976இல் வரைந்த ஒரு ஓவியத்திலிருந்து வந்தது. படத்தில் அந்த உடையைப் போட்டுக்கொண்டு நடித்தவர் போலாஜி படெஜோ என்ற நைஜீரியர், உயரம் ஆறடி பத்து அங்குலம், ஒல்லியான நீண்ட கைகால்கள். அந்த உடையின் தலைக்குள், அரைகுறையாக ஒளி ஊடுருவும் மூடிக்கு அடியில், ஒரு மண்டையோடு பதிக்கப்பட்டிருந்தது. திரையில் அதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. ஆனால் அது இருப்பதால்தான் அந்தத் தலை நம்மை ஏதோ செய்கிறது என்று நான் நினைக்கிறேன். ஜந்துவுக்குக் கண் இருப்பதாக வெளியே தெரியாது, யாரைப் பார்க்கிறது என்று நமக்கு விளங்காது, ஆனால் உள்ளே மனித முகத்தின் சாயல் ஒன்று கிடக்கிறது. ஒரு பொம்மை இதைக் கொண்டுவந்துவிட்டால் விரல் கொஞ்சம் தடியாக இருந்தாலும் மன்னித்துவிடலாம். இது வராவிட்டால் அறுபது இடத்தில் மூட்டு வைத்திருந்தாலும் எனக்கு வேண்டாம். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் பார்த்தேன்.

எல்லோருக்கும் ஆசை வருவது கென்னர் 1979இல் விட்ட பழைய ஏலியன் மேல்தான். பதினெட்டு அங்குல உயரம், ஒன்றரை அடி. அதற்குச் சற்று முன்புதான் இந்தக் கம்பெனி ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை விற்றுக் கொழித்திருந்தது. அதே வேகத்தில், அமெரிக்காவில் பதினேழு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்க முடியாத ஒரு படத்துக்கு, குழந்தைகள் கடையில் வைத்து விற்கும் பொம்மை செய்தார்கள். பின்மண்டையில் உள்ள விசையை அழுத்தினால் வாய்க்குள் இருக்கும் இன்னொரு வாய், அந்த உள்வாய், வெளியே வரும், கைகள் ஸ்பிரிங்கில் மூடி அணைக்கும், மூடிக்குள் இருட்டில் மினுங்கும் மண்டை. பெற்றோர்கள் கோபப்பட்டார்கள், பொம்மை சரியாகப் போகவில்லை, தள்ளுபடி விலைக்கு இறங்கியது. அப்படிப் போகாமல் கிடந்ததைத்தான் இன்று பல நூறு டாலர் கொடுத்துத் தேடுகிறார்கள்.

கையில் எடுத்துப் பார்த்தது ஒரே ஒரு முறை. உள்ளே காலியான பெரிய பிளாஸ்டிக் உருவம், எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. முகம் படத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் சாதுவாகத் தெரிந்தது. ஆனாலும் அந்த மூடியும் உள்ளே இருந்த மண்டையும் மனசில் ஒட்டிக்கொண்டன. 1979லேயே இந்தப் பொம்மையைச் செய்தவர்களுக்குத் தலைதான் முக்கியம் என்று புரிந்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கழன்று வரக்கூடிய அந்த மூடிதான் முதலில் தொலைந்துபோவது. வால், முதுகில் நிற்கும் குழாய்கள், உள்வாய், இவையும் உடைந்தோ காணாமலோ போயிருக்கும். பிற்காலத்தில் யாரோ செய்த மாற்று மூடியைப் போட்டு "முழுசா இருக்கு" என்று விற்பதும் நடக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேலான பிளாஸ்டிக் வேறு, விசையை நாலு தடவை அழுத்திப் பார்க்கவே பயமாக இருக்கும். பழைய பொம்மைகளின் சரித்திரத்திலேயே ஊறியவர் வாங்கலாம். முதல் பொம்மையாக, ஒரே பொம்மையாக வாங்குகிறவருக்கு வேண்டாம்.

பழைய வாசனை மட்டும் போதும், காசு அவ்வளவு இல்லை என்றால் ரீஆக்‌ஷன் வரிசை இருக்கிறது. கென்னர் அந்தக் காலத்தில் மூன்றே முக்கால் அங்குலச் சிறிய பொம்மைகளும் போடத் திட்டமிட்டு, பிறகு போடாமலே விட்டுவிட்டது. அந்த வடிவங்களை எடுத்து சூப்பர் செவன் என்ற கம்பெனி 2013இல் வெளியிட்டது. கழுத்து, தோள், இடுப்பு, அவ்வளவுதான் அசையும். அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் கூட்டோடு அப்படியே சுவரில் மாட்ட அழகாக இருக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் சித்தி பையன் தேடுவது அதில் இல்லை, இந்த அளவில் தலையின் நுணுக்கத்தை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இனி நெகா என்ற கம்பெனியின் ஏழு அங்குல வரிசை. ஏழு அங்குலம் என்பது மனிதப் பொம்மைகளின் கணக்கு. அதே விகிதத்தில் செய்வதால் ஏலியன் ஒன்பது அங்குலம் வரை நிற்கும். முதல் படத்தின் நாற்பதாவது ஆண்டான 2019இல் வந்த பிக் சாப்தான் என்னிடம் இருக்கிறது. அமெரிக்காவில் இந்த வகைப் பொம்மைகள் முப்பது, நாற்பது டாலருக்குள் விற்பவை. அந்த விலைக்கு இந்தத் தலையை யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் மூடி வெறும் கறுப்புப் பளபளப்பு, உள்ளே ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திருப்பினால் முன்பக்கத்தில் இரண்டு குழி தெரிய ஆரம்பிக்கும், பிறகு மூக்கின் பள்ளம், அதற்குள் மறுபடி பளபளப்பு வந்து மூடிவிடும். வாங்கின முதல் வாரம் சாப்பிட உட்காரும் முன் தினமும் இதை ஒரு முறை செய்து பார்த்தேன். உடம்பு முழுக்கக் குழாயும் விலா எலும்புமாக, கறுப்பின் மேல் மங்கலான வெள்ளிப் பூச்சு பள்ளத்தில் படாமல் மேட்டில் மட்டும் தேய்த்த மாதிரி இருக்கிறது. அதனால் பிளாஸ்டிக் என்ற நினைப்பு வருவதில்லை. வாலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள், வேண்டியபடி வளைக்கலாம்.

குறையும் உண்டு. இந்த வரிசைப் பொம்மைகளை வாங்குகிறவர்கள் பரவலாகச் சொல்வது மூட்டுப் பிரச்சினை. பெயின்ட் மூட்டுக்குள் இறங்கி ஒட்டிக்கொண்டிருக்கும், புதுசாக வந்த வேகத்தில் திருகினால் மணிக்கட்டின் ஆணியோ முழங்கையோ ஒடிந்துவிடும். எனக்கு அப்படி ஆனது வேறொரு பொம்மையில், வேறொரு கம்பெனி. பார்சல் வந்த அன்று ராத்திரியே நிற்க வைத்துப் பார்க்க வேண்டும் என்ற அவசரத்தில் முழங்கையைத் திருகினேன், தீக்குச்சி ஒடிகிற அளவுக்குத்தான் சத்தம் கேட்டது, கை தனியாக வந்துவிட்டது. பசை போட்டு ஒட்டினேன், அந்த முழங்கை அதன் பிறகு மடங்கவே இல்லை. இன்றைக்கும் அதைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இதற்கு வெந்நீர்தான் வழி. அடுப்பிலிருந்து இறக்கி, கை வைத்தால் சுடுகிற, ஆனால் கொதிக்காத தண்ணீரில், ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த மூட்டை மட்டும் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் மூழ்க வையுங்கள். பிளாஸ்டிக் இளகும். மூட்டுக்கு மேலும் கீழும் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று நூல் அளவு நூல் அளவாக அசையுங்கள். அசைந்துவிட்டது என்றால் நீங்கள் விரும்புகிற நிலையில் வைத்துப் பச்சைத் தண்ணீரில் காட்டினால் இறுகிவிடும். தலையை மட்டும் வெந்நீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், மூடிக்கும் அதை ஒட்டியிருக்கும் பசைக்கும் ஆகாது. அப்புறம், வீட்டில் இருக்கிறதே என்று தையல் மெஷின் எண்ணெயை மூட்டில் விடாதீர்கள். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்கள் சில வகைப் பிளாஸ்டிக்கைக் காலப்போக்கில் விரிசல் விட வைக்கும். தேவைப்பட்டால் சிலிகோன் எண்ணெய், அதுவும் ஊசி முனையில் ஒரு சொட்டு.

இன்னொரு குறை, நிற்க வைப்பது. தலை நீளம், கால் ஒல்லி, பாதம் சின்னது. வாலை மூன்றாவது காலாக நினைத்துக்கொண்டால் சரியாகிவிடும். நுனியைத் தரையில் ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கி, உடம்பின் பாரத்தைப் பின்னால் தள்ளினால் மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது. வாலை மட்டும் தினம் தினம் வளைத்து விளையாடக் கூடாது. ஒரே இடத்தில் மறுபடி மறுபடி மடங்கினால் உள்ளே கம்பி அறுந்து தொங்கிவிடும்.

அதே நெகா, நிஜ உருவத்தில் கால் பங்கு அளவிலும் பிக் சாப் போட்டிருக்கிறது. இருபத்திரண்டு அங்குலம், கிட்டத்தட்ட இரண்டடி. பெங்களூரில் நண்பர் வீட்டில் பார்த்தேன், கதவைத் திறந்ததும் எதிரே அதுதான், ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. தலையைப் பொறுத்தவரை நான் பார்த்ததில் இதுதான் முதல் இடம். சின்னதில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய மண்டையோடு இதில் சோபாவில் உட்கார்ந்தபடியே தெரிகிறது. நூறு டாலருக்கு மேல், அதோடு பெட்டி பெரியது என்பதால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் கூலியோ விமானக் கூலியோ பொம்மையின் விலையைத் தொட்டுவிடும். இடத்தையும் யோசியுங்கள். நம் வீட்டு ஷோகேஸ்கள் பெரும்பாலும் ஓரடி ஆழம். இந்த உருவத்தின் தலை பின்னால் நீள்கிறது, வால் அதற்கும் பின்னால் நீள்கிறது. நண்பர் டிவி ஸ்டாண்டையே அதற்காகக் காலி செய்திருந்தார். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிற பொம்மையும் இல்லை இது, ஓரிடத்தில் வைத்தால் வைத்ததுதான். சொந்த வீடு, தனி அறை, மாற்றல் இல்லாத வேலை என்று இருப்பவருக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். சித்தி பையன் இருப்பது மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் வாடகை வீட்டில்.

ஹாட் டாய்ஸ் பற்றியும் கேட்டான். ஹாங்காங் கம்பெனி, ஆறில் ஒரு பங்கு அளவில் செய்வதில் பேர் போனவர்கள், அவர்களும் ஒரு காலத்தில் பிக் சாப் போட்டார்கள். அது நின்று பல வருடம் ஆகிவிட்டது, இப்போது கிடைப்பதெல்லாம் இன்னொருவர் கையிலிருந்து வருவது, பல நூறு டாலர். எங்கே எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாத பொருளுக்கு அவ்வளவு கொடுப்பது முதல் தடவை வாங்குகிறவருக்குச் சரிவராது. ஜப்பானில் ஃபிக்மா வரிசையில் சிற்பி தக்காயுக்கி தக்கேயாவின் வடிவத்தில் ஒரு ஏலியன் உண்டு, மிக அழகானது, மூட்டுகளும் அருமை. ஆனால் அது அவருடைய கற்பனையில் பிறந்த ஏலியன், படத்தில் வருவது அப்படியே வேண்டும் என்பவர்களுக்கு மனசு நிறையாது. பண்டாய் கம்பெனியின் மான்ஸ்டர் ஆர்ட்ஸ் வரிசையும் நல்லதுதான், விலையும் தேடுகிற அலைச்சலும் நெகாவைவிடக் கூடுதல்.

விலை விஷயத்தில் ஒன்று. அமெரிக்க விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, இங்கே விற்கிறவர் கொள்ளையடிக்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரியிலிருந்து பிள்ளைகள் பொம்மைகளுக்கு பிஐஎஸ் தர முத்திரையும் கட்டாயம். பெரியவர்களுக்கான சேகரிப்புப் பொருள் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், சுங்கத்தில் அதையும் பொம்மை என்றே எடுத்துக்கொண்டால் நாம் என்ன செய்வது? அதனால் இங்கே நியாயமாக வரவழைத்து விற்கும் கடைகளில் விலை இரண்டு மடங்குக்கு மேல் போவது சகஜம். வெளிநாட்டில் இருந்து வரும் சொந்தக்காரர் யாராவது பெட்டியில் இடம் கொடுத்தால் ஏழு அங்குலம் சுலபமாக வந்துவிடும். சித்தி பையனுக்கு நான் சொன்ன வழி அதுதான், அவன் மாமா டிசம்பரில் சியாட்டிலில் இருந்து வருகிறார்.

விலை ரொம்பக் குறைவாக இருந்தால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் முன் ஆன்லைனில் ஒருவரிடம் பாதி விலைக்கு ஒன்று வாங்கினேன். பெட்டியே இல்லை, பிளாஸ்டிக் உறையில் வந்தது. பிரித்ததும் பெயின்ட் கடை வாசனை. மூடி இருந்தது, ஆனால் நீர்மோர் மாதிரி கலங்கலாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே மண்டையோடே கிடையாது, வெறும் கறுப்பு மொத்தை. பணம் திரும்ப வரவில்லை. அதன் பிறகு பெட்டி போட்டோ, பாதத்தின் அடியில் இருக்கும் உரிமை முத்திரை, வெளிச்சத்தில் எடுத்த தலையின் போட்டோ, இந்த மூன்றையும் கேட்காமல் நான் யாருக்கும் பணம் அனுப்புவதில்லை. தலையின் போட்டோ தரத் தயங்குகிறவரிடம் பேச்சை அத்தோடு முடித்துவிடுகிறேன்.

வாங்கியபின் நம்ம ஊர் வெயிலை யோசிக்க வேண்டும். இந்தப் பொம்மைகளில் பெரும்பகுதி பிவிசி. அதை இளக்கமாக வைக்கச் சேர்த்திருக்கும் பொருள், சூட்டிலும் காற்று புகாத பெட்டியிலும் மெல்ல வெளியே கசிந்து மேலே பிசுபிசுப்பாகப் படியும். பிரிக்காமல் வைத்தால் பத்திரம் என்று நினைப்பவர்கள் ஐந்தாறு வருடம் கழித்துத் திறந்தால் கையில் ஒட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு மெதுவாகத் துடைத்தால் போய்விடும், பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது மே மாதத்துக்கு. மேல்மாடி அறையில், மதியம் முழுக்க வெயில் விழும் சுவரை ஒட்டி வைத்தால் ஒல்லிக் கால்கள் இளகி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும், ஜன்னல் வெயில் நேராகப் பட்டால் மூடி நாளடைவில் மஞ்சளாகும். விலா எலும்புகளுக்கு நடுவே தூசி அடையும், ஈரத்துணி போடாமல் சின்ன பெயின்டிங் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மூடியை மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் மட்டும் துடையுங்கள். தின்னர், ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் அதன் மேல் படக் கூடாது, ஒரு தடவை பட்டாலும் மெல்லிய வெடிப்பு விழுந்து உள்ளே ஒன்றுமே தெரியாமல் போகலாம்.

சித்தி பையனுக்குச் சொன்னது ஏழு அங்குல நெகா. மாமாவிடம் பெட்டியை நசுக்காமல் துணிகளுக்கு நடுவே வைத்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். வந்த அன்று ராத்திரி அவன் தனியாகப் பிரிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். வெந்நீர்ப் பாத்திரத்தோடு நான் வருகிறேன்.